“நான் படிச்சுக்கறேன்!”

“வந்துட்டாங்கய்யா!” என்று பல்லைக் கடித்தார் சாவிக்காரர்.

நடைபாதையில் நாலடிக்கு நாலடி தகரக் கடை அவருடையது. சாவி வெட்டும் மிஷின் ஒன்று, ஸ்டூல் ஒன்று, ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள் சில நூறு. ஒருக்களித்துத்தான் உட்கார முடியும். இதில் வாசலை அடைத்துக்கொண்டு இந்தக் கவுன்சிலரம்மா வேறு!

“ஒரு நிமிஷம்ணே. வார்டு வாட்ஸப் குரூப்புல போடறதுக்கு முன்னாடி படிக்கிறேன், புரியுதான்னு மட்டும் சொல்லுங்க. ‘நாளை காலை ஆறு முதல் பத்து வரை குழாயில் தண்ணீர் வராது. முன்கூட்டியே பிடித்து வைக்கவும்.’ புரியுதாண்ணே?”

“நல்லாப் புரியுது மேடம்.”

“அடுத்தது, நாய்களுக்குத் தடுப்பூசி...”

இது ஒருநாள் கூத்தில்லை. கவுன்சிலராக வந்த நாளிலிருந்து இதே கதைதான். குழாய், குப்பை வண்டி, தெரு விளக்கு, எதுவானாலும் வார்டு மக்களின் போனுக்குப் போவதற்கு முன் இவர் காதுக்கு வந்துவிடும். சாவிக்காரருக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் தொழில் கெடுகிறதே!

அன்றைக்குப் பார்த்து, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த ஒருத்தர் அவசரமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்துப் பழக்கடைக்காரராவது சும்மா இருந்தாரா?

“என்ன சாவி, எங்களுக்கெல்லாம் போன்ல வருது, உமக்கு மட்டும் நேர்ல வந்து வாசிக்கிறாங்க? எழுத்துக் கூட்டத் தெரியாதா உமக்கு?”

நாலு பேர் சிரித்தார்கள். சாவிக்காரருக்கு வந்ததே கோபம்! கேலி செய்தவர் மேல் பாய வேண்டியது, கவுன்சிலர் மேல் பாய்ந்தது.

“மேடம், எனக்கென்ன படிக்கத் தெரியாதா? போன்ல போடுங்க, நான் படிச்சுக்கறேன். தினமும் வந்து நின்னா நான் கடையைப் பார்க்கறதா, உங்க கதையைக் கேட்கறதா? அதான் ஓட்டுப் போட்டாச்சே, ஆளை விடுங்க!”

அந்தம்மா முகம் சுண்டிப்போயிற்று. “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மறுநாளிலிருந்து வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். சாவிக்காரருக்கு எழுத்து வராது. எண் தெரியும், கணக்குத் தெரியும், எந்தப் பூட்டையும் காதை வைத்துக் கேட்டே திறந்துவிடுவார். எழுத்து மட்டும் அவரிடம் ஒட்டவே இல்லை. மனைவி இருந்தவரை அவள் படித்துச் சொல்லுவாள். அவள் போன பிறகு இந்த ரகசியம் தெரிந்த ஆளே கிடையாது என்றுதான் இருந்தார். கட்டிக்கொடுத்த மகளுக்கே தெரியாது. யாராவது காகிதத்தை நீட்டினால், “கண்ணாடியை வீட்ல வெச்சுட்டேன்” என்பார். ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலரம்மா நோட்டீஸை நீட்டியபோதும் அதையேதான் சொன்னார். அறுபது வயசு மனுஷர், யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

போன் டிங் டிங் என்று அடிக்கும். எடுப்பார், நெற்றியைச் சுருக்குவார், விரலால் தள்ளுவார், “ம்ம்” என்று தலையாட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.

பதினைந்து நாள் போயிற்று. ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தால், பக்கத்தில் பழக்கடை இல்லை. செருப்புக் கடை இல்லை. வரிசையில் இவர் கடை மட்டும்தான் பாக்கி. அதையும் நாலு ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயோ, என் கடை!”

“கால்வாய் தோண்டறோம் பெரியவரே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல பேர் குடுத்தவங்களுக்கெல்லாம் புது மார்க்கெட்ல இடம் குடுத்தாச்சு. நீங்க குடுக்கலையா? அடடா, பட்டியலை முடிச்சுட்டாங்களே. இனி அடுத்த வருஷம்தான்.”

இருபத்தெட்டு வருஷத்துப் பிழைப்பு! புது மார்க்கெட்டுக்கு ஓடினார். கடைக்காரர்களுக்கு நடுவே நின்றிருந்தார் கவுன்சிலரம்மா.

“ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்கு மட்டும் ஏன் மேடம் சொல்லலை? கோபத்துல ஒரு வார்த்தை பேசிட்டேன்னு என் வயித்துல அடிச்சுட்டீங்களே!”

பழக்கடைக்காரர் திகைத்துப் போனார். “உமக்குத்தான் முதல்லயே தெரிஞ்சிருக்கும்னு நாங்க இருந்துட்டோமே! பத்து நாளைக்கு முன்னாடியே குரூப்புல வந்துச்சே சாவி. போனைக் குடும் பார்ப்போம். வந்ததைப் படிக்காம விட்டீரா?”

சாவிக்காரர் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடைதான் போயிற்று, மானமும் போக வேண்டுமா?

அதற்குள் கவுன்சிலரம்மா கையை நீட்டினார். “என்கிட்ட குடுங்கண்ணே.”

வாங்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இதுல வரலை. குரூப்புல இவர் நம்பரை விட்டுட்டேன் போல. தப்பு என்னோடதுதான்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

“இதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா? ஒரு மனுஷன் பொழைப்பே போச்சே!”

“நீங்கெல்லாம் எதுக்குத்தான் கவுன்சிலரா இருக்கீங்க?”

அந்தம்மா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போன் திரும்பக் கைக்கு வந்தது. அந்த நோட்டீஸ் திரையில் அப்படியே நின்றது. எழுத்துதானே வராது, மேலே இருந்த தேதி சாவிக்காரருக்கு நன்றாகவே தெரிந்தது. பத்து நாள் முந்தின தேதி.

“வந்திருக்குய்யா, எனக்குத்தான் படிக்கத் தெரியாது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தம்மா மேல் விழுந்த பழி அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். பாழாய்ப்போன வாய், திறக்கவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் கவுன்சிலரம்மா பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தப்பு நிஜமாவே என்னோடதுதாண்ணே. நீங்க என்ன திட்டியிருந்தாலும், நேர்ல வந்து படிச்சுக் காட்டறதை மட்டும் நான் நிறுத்தியிருக்கக் கூடாது.”