வெள்ளி அட்டைக்கு அலை இல்லை
மரக்காணத்து மீன்காரி அஞ்சலாட்சி, மாதந்தோறும் மகள் துர்காவைத் திண்டிவனத்தருகே உள்ள நீர்விளையாட்டுப் பூங்காவிற்கு அழைத்து வருபவள். தந்தையைக் கடல் கொண்டபின், துர்கா அஞ்சாமல் இறங்குவது இங்குள்ள செயற்கை அலைக்குளத்தில் மட்டுமே. இன்று குளத்தின் வாயிலில் புதிய கயிறு தொங்குகின்றது. காவலர் அவர்களது வெள்ளிநிற ஆண்டு நுழைவு அட்டையை வெயிலில் திருப்பிப் பார்க்கின்றார். “இந்த மாசத்திலேர்ந்து வெள்ளி அட்டைக்கு அலை கிடையாது. தங்க அட்டைன்னா மூணு மடங்கு கட்டணும். கரையில குந்திக்கினு பாரு.” “கொழந்த காலையாவது நனைச்சிக்கட்டுங்க.” அவர் அட்டையிலுள்ள முகவரியைப் படிக்கின்றார். “மரக்காணமா? உங்க ஊருல அலை ஓசியிலயே அடிக்குதே!” வரிசையில் நிற்போர் சிரிக்கின்றனர். அலை தொடங்கும் சங்கு ஒலிக்க, நீல நீர் எழுகின்றது. கயிற்றைப் பற்றி நிற்கும் துர்காவின் பாதத்திற்கு ஒரு சாண் முன்னே திவலையொன்று விழுந்து காய்கின்றது. அஞ்சலாட்சி மகளின் தோளில் உலர்ந்த துண்டைப் போர்த்துகின்றாள். “வா துர்கா. நாளைக்கு நம்ம கடல்லயே எறங்கலாம். நானும் கூட எறங்குறேன்.”