பிரேக் அக்கா

மறுபடியும் லைன் நின்றுவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது. போர்டில் இருபத்துநாலு என்று எண் வந்தது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இருபத்துநாலாம் இடம் என்றால் பிரேக் அக்காதான்.

எங்கள் கார் தொழிற்சாலையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். வண்டியில் கோளாறு கண்ணில் பட்டால் இழுக்க வேண்டும். இழுத்தால் வண்டிகள் வரிசையாக நகர்ந்து வருகிற மொத்த லைனும் நிற்கும், இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அக்கா ஒரு நாளைக்கு நாலைந்து முறை இழுப்பார், கேட்டால் பெல்ட் சரியாக உட்காரவில்லை என்பார். அதனால்தான் அந்தப் பெயர். வைத்தது நான்தான்.

அக்காவுக்கு முந்தின இடம், இருபத்துமூன்று, என்னுடையது. முன் சீட்டை இறக்கி வைத்து, கன் என்கிற முடுக்கும் கருவியால் நாலு போல்ட்டை முடுக்க வேண்டும். அதற்குக் கொடுத்திருப்பது ஐம்பத்தெட்டு விநாடி. நான் நாற்பத்தைந்தில் முடித்துவிடுவேன். படிப்பைப் பாதியில் விட்டவன், சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனால் இந்த லைனில் என்னைவிட வேகமான கை கிடையாது.

எனக்கு அடுத்து நின்று சீட் பெல்ட் மாட்டுகிற அக்காவோ, "மெதுவாப் பண்ணுடா, வண்டி எங்கேயும் ஓடிடாது" என்று தினமும் பாடுவார்.

"கார் கம்பெனியில நின்னுக்கிட்டு வண்டி ஓடாதுன்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான்க்கா" என்பேன். தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, அதுதான் இப்படி என்று நினைத்துக்கொள்வேன்.

'நிறுத்தியவருக்கு நன்றி சொல்வோம்' என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே நின்றுதான் சூப்பர்வைசர் அக்காவைத் திட்டுவார்.

அன்று திட்டு பலமாகவே விழுந்தது, குடோனுக்கு அனுப்பிவிடுவேன், நைட் ஷிப்ட் போட்டுவிடுவேன் என்கிற மிரட்டலோடு. தலைமை அலுவலகத்திலிருந்து புது மேனேஜர் வந்திருந்தார். லைன் நிற்கிற நேரத்தை ஒரே மாதத்தில் பாதியாகக் குறைக்க வேண்டுமாம். சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நாளைக்கு என் இடத்தில் மாற்று ஆள் நிற்பாராம். நான் அக்கா பக்கத்தில் நின்று, எப்போது இழுக்கிறார், எதற்கு இழுக்கிறார் என்று ஒரு தாளில் எழுத வேண்டுமாம். தாள் கைக்கு வந்ததும் சொன்னபடியே அக்காவைக் குடோனுக்கு, அதுவும் நைட் ஷிப்டுக்கு, மாற்றிவிடுவாராம்.

அக்காவுக்கு இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண் இருக்கிறாள். பள்ளியிலிருந்து அழைத்துவரவும், ராத்திரி கூடப் படுக்கவும் வேறு ஆள் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பகல் ஷிப்ட் அது. எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பொய்யா எழுதப்போகிறேன்? உள்ளதைத்தானே.

மறுநாள் அட்டையும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"என்னடா, பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி நிக்கறே? பரீட்சைக்குப் பயந்து ஓடி வந்தவன்தானே நீ" என்று அக்கா சிரித்தார்.

ஒரு மணி நேரம் ஆனது. கயிறு அசையவில்லை. டீ வந்து போனது. சாப்பாட்டு மணி அடித்தது. ஷிப்டே முடிந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் ஆள் நின்றால் ஒழுங்காக நடக்கிறதே, அப்படியென்றால் இத்தனை நாளும் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார் என்றார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு அது ஒட்டவில்லை. மேனேஜருக்கே பயப்படாத ஆள், என் பேனாவுக்கா பயப்படுவார்? கை கழுவுகிற இடத்தில் அக்காவைப் பிடித்து, சூப்பர்வைசர் எழுதச் சொன்னதைச் சொல்லி, நேராகவே கேட்டேன், இன்றைக்கு ஏன் ஒரு தடவைகூட இழுக்கவில்லை என்று.

அக்கா குழாயை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"இன்னிக்கு சீட்டு போட்டது நீ இல்லையே."

எனக்குப் புரியவில்லை.

"உள்பக்கத்து போல்ட்டுடா, நாலாவது. முழுசா இறுகறதுக்குள்ள கன்னை எடுத்துட்டு அடுத்த வண்டிக்கு ஓடிடறே. எல்லாத்துலயும் இல்ல, நாள் பூரா நாலைஞ்சு வண்டியில. அதை நான் கையால முடுக்கணும்னா ரெண்டு நிமிஷம் ஆகும். லைனை நிறுத்தாம எப்படி?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முந்தின இடத்துத் தப்பு என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது என் பெயரில் தப்பாக ஏறியிருக்கும். முதல் ஆறு மாதத்தில் மூன்று முறை ஏறினால் கேட்டுக்கு வெளியே. இது எல்லோருக்கும் தெரிந்த விதி.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தினமும்தான் சொல்றேன். நீ எங்கே காதுல வாங்கறே?"

"பாப்பாவுக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"ராத்திரிக்குப் பார்த்துக்கச் சொல்லி நேத்தே பக்கத்து வீட்டுல பேசிட்டேன். நான் குடோன்ல பொழைச்சுக்குவேன். நீ வெளியே போனா எவன் வேலை குடுப்பான்? அவர் சொன்னதை எழுதிக் குடுத்துட்டு, நாளையிலேருந்து ஒழுங்கா முடுக்கு. அங்கே போய் வாயைத் திறக்காதே."

தாளோடு கண்ணாடி அறைக்குள் போனேன். மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்.

லைன் நின்றதற்குக் காரணமான இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இருபத்துநாலு என்று எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார் அக்கா.

நான் இருபத்துமூன்று என்று எழுதினேன். வாயையும் திறந்தேன்.