கவர் போட்ட சட்டி

“இன்னாம்மா இது?”

“கரண்ட் சட்டி, பவானி. பையன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பினான். குழம்பு தானா மெதுவா வேகும். உள்ளே சூடு தாங்கற இந்தக் கவரை விரிச்சுட்டா, தேய்க்கவே வேணாம்.”

“அப்ப நானும் வேணாம்.”

புஷ்பவல்லி அம்மா சட்டிக்குள் கவரை விரித்தார்.

பாத்திரம் தேய்த்தே பிழைக்கிற பவானிக்கு, ராயபுரத்தில் மிச்சமிருந்த ஒரே வீடு அது. மறுநாளும் வந்தாள். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு, கவரைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். தேய்ப்பதற்கு ஒரு கரண்டிதான் இருந்தது. பவானிக்கு அழுகைகூட வரவில்லை.

“நாளையிலேர்ந்து வராதன்னு சொல்லிடுங்கம்மா. வேற வூடு பாத்துக்கறேன்.”

“அந்தக் கவரைப் பையன்கிட்ட கேட்டு வாங்கினதே நான்தான்.”

“நெனச்சேன்” என்று செருப்பை மாட்டினாள் பவானி.

அம்மா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்.

“எங்க வீட்டுக்காரர் செத்துப்போனதிலேர்ந்து தனியாத்தான் சாப்பிடறேன். தினமும் உன்கிட்ட கேக்கணும்னு நினைப்பேன். நீ தேய்ச்சுட்டு ஓடிடுவே. சம்பளத்தைக் குறைக்க மாட்டேன். நீ தேய்க்கற அந்த நேரத்துல, என்கூட உக்காந்து சாப்பிடறியா?”