வேறு குடியுரிமை: இல்லை

“பொய் எழுதிக் கொடுத்துட்டு எம்.பி.ஏ. படிக்கப் போறியா?”

நான் கேட்டதும் லுசேயானே தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரிஸ்பேனில் ஒரு பிசினஸ் ஸ்கூல், டோங்கா நாட்டவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஒரே ஓர் இலவச இடம். அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் உட்கார்ந்திருந்தோம், நானும் சேமிசியும். நுழைவுத் தேர்வில் இவள்தான் முதல். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

‘வேறு குடியுரிமை உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். பிறப்புச் சான்றிதழிலோ ஆக்லாந்து.

“நியூசிலாந்து பாஸ்போர்ட் நான் எடுத்ததே இல்லை சார். பாஸ்போர்ட் இல்லைன்னா குடியுரிமையும் இல்லைன்னு நினைச்சேன்.”

“நீ பிறந்த வருஷம் அங்க பிறந்தாலே குடியுரிமைதான்,” என்றார் சேமிசி. “ரெண்டு நாட்டுக்காரிக்கு இந்த இடம் கிடையாதும்மா. நியூசிலாந்துக்காரியா ஃபீஸ் கட்டிப் படியேன்.”

“நான் மீன் மார்க்கெட்ல எடை போடறேன் சார்.”

சேமிசி என்னைப் பார்த்தார். நான் விதிமுறைத் தாளைப் பார்த்தேன். ‘தவறான தகவல். நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் எழுந்தாள். நேர்காணலுக்கென்று, டோங்கா வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த பாயைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். பழைய பாய். ஓரமெல்லாம் பிரிந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா காத்திருந்தாள்.

“என்னடி ஆச்சு? ஆக்லாந்துல பிறந்தவள்னு சொன்னியா? அதைக் கேட்டதும் அசந்து போயிருப்பாங்களே!”

லுசேயானே பாயின் பிரிந்த ஓரத்தைத் திருகினாள்.

“வாயைத் திறடி.”

“மார்க் பத்தலைம்மா.”

அம்மாவின் முகம் இருண்டது.

“எட்டு மாச வயித்தோட ஏத்த மாட்டாங்கன்னு, இதே பாயைச் சுத்தி மறைச்சுக்கிட்டு பிளேன் ஏறினேன். எதுக்கு? உனக்காவது அந்த நாட்டு உரிமை இருக்கட்டும்னுதானே! அவ்வளவு வழி பண்ணி வச்சும், நாலு பக்கம் படிக்க வலிச்சுதா உனக்கு? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!”

எழுந்து ஜன்னல் வரைக்கும் போனேன். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்தான். எந்த வாயால் சொல்வது?

“ஆமாம்மா,” என்றாள் லுசேயானே. “நான்தான் கெடுத்துட்டேன்.”