ஏகமனதாக

கூட்டத்தின் நாளை மாற்றியாயிற்று, இடத்தை மாற்றியாயிற்று, டவுனை விட்டு ஓரிக்கைக்கே வந்தாயிற்று. அப்படியும் டைரக்டர்கள் வருவதற்கு முன்னமே சம்பூர்ணம் வந்து எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

வீரபாகு ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டார். பட்டு நெசவாளர் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தலைவர். மந்திரி எதிரிலேயே கால்மேல் கால் போட்டுப் பேசுகிற ஆள். ஒரு பெண்பிள்ளை வெறுமனே உட்கார்ந்திருப்பது அவரைப் படுத்துகிற பாடு சொல்லி மாளாது.

அவள் புருஷன் பரசுராமன் சங்கத்தின் டைரக்டர்களில் ஒருவன். கூட்டத்தில் வாயைத் திறந்து கேள்வி கேட்கிற ஒரே ஆள் என்பதால் மற்ற ஆறு பேருக்கும் அவனைக் கண்டால் வேப்பங்காய். நூல் கிடங்கின் உத்திரம் உளுத்துவிட்டது, என்றைக்கிருந்தாலும் ஆள்மேல் விழும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னான். 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று வீரபாகுவும் கூட்டத்துக்குக் கூட்டம் எழுதச் சொன்னார். அறுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி அடைமழையில் உத்திரம் விழுந்தது. சொன்னவன் மேலேயே விழுந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் இரங்கல் கூட்டம். காலியான இடத்துக்கு எலெக்‌ஷன் வந்தால் எதிர்க்கோஷ்டி உள்ளே புகுந்துவிடும், அது வராதபடி ஏதாவது எழுதிவிடுங்கள் என்று வீரபாகு காலையிலேயே செகரட்டரியிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த மனிதர் நாலு தீர்மானங்களை அர்ச்சனை மந்திரம் மாதிரி முணுமுணுத்தார். மௌன அஞ்சலிக்கு எழுந்தவர்கள் எழுந்த வாக்கிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செகரட்டரியும் அந்த மாதமே ரிடையராகிப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்திலிருந்துதான் அவள் வர ஆரம்பித்தாள். பேசுவதில்லை, அழுவதில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை. கூட்டம் தொடங்குமுன் வந்து வெளியே உட்காருவாள், முடிந்ததும் எழுந்து போவாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை வெள்ளிக்கு மாற்றினால் வெள்ளிக்கிழமை வந்தாள்.

செத்தவனே கனவில் வந்து தேதி சொல்கிறான் என்றார் டைரக்டர்களில் ஒருவரான துரைக்கண்ணு. தாயத்துக் கட்டிக்கொண்ட டைரக்டர் ஒருவர், கச்சபேஸ்வரருக்கு வேண்டிக்கொண்டவர் ஒருவர். வீரபாகு எதையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டைக் கடந்தாலும், தறியில் பலகை அடிக்கிற சத்தம் அவருக்கு உத்திரம் முறிகிற சத்தமாகவே கேட்டது.

தேதியை நம்மவர்கள் யாராவது வெளியே விடுகிறார்களா என்று, புதிதாக வந்த செகரட்டரி பூவராகவனைக் கேட்டுப் பார்த்தார். சின்ன காஞ்சிபுரத்து ஆள், பயந்த சுபாவம். யாரிடமும் மூச்சு விடுவதில்லை, சட்டப்படி டைரக்டர்கள் ஏழு பேருக்கும் கார்டு போடுவதோடு சரி என்று பூவராகவன் சத்தியம் செய்தார்.

இன்றைய கூட்டம் ஓரிக்கையில், துரைக்கண்ணுவின் வீட்டில். ரிஜிஸ்தார் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வரப்போகிறார்கள். அதற்குமுன் ஒரு தீர்மானம் வேண்டும். 'திரு. பரசுராமன் எச்சரிக்கையை மீறிக் கிடங்கினுள் நுழைந்ததே விபத்துக்குக் காரணம் என்று போர்டு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது' என்று பூவராகவன் எழுதி முடித்தார். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, புத்தகம் வீரபாகுவிடம் வந்தது.

பேனாவைத் திறந்தவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவனை இரண்டாந்தரமும் சாகடிக்கிறோம் என்று தோன்றியதும் அவருக்குக் கை ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, மற்றவர்கள் கூப்பிடக் கூப்பிட வெளியே போனார்.

சம்பூர்ணம் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உம் புருஷன் எட்டுத் தரம் சொன்னான்மா. நான்தான் தள்ளிப் போட்டுக்கினே இருந்தேன். இப்ப பழியையும் அவன் மேலயே ஏகமனதா எழுதிட்டோம், என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. சாபம் குடுக்கணும்னா குடுத்துடு. இப்படி உக்காந்துக்கினு என்னைக் கொல்லாத."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சாபம் கொடுக்கிற ஆளா நான் என்பதுபோல் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த நாலைந்து தபால் கார்டுகளை எடுத்து நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணா. கார்டு வருது, தபால்காரரு தேதியும் எடமும் படிச்சுச் சொல்றாரு, நானும் வரேன். உள்ள வான்னு யாரும் கூப்புடல, அதான் வெளியவே உக்காந்துக்கினு இருந்தேன்."

மேலாக இருந்த கார்டை வீரபாகு வாங்கிப் படித்தார். 'டைரக்டர் திருமதி ப. சம்பூர்ணம் அவர்களுக்கு' என்றிருந்தது. எலெக்‌ஷன் வராமலிருக்க இரங்கல் கூட்டத்தில் காலி இடத்துக்கு யார் பெயர் எழுதப்பட்டது, எதில் தாம் கையெழுத்துப் போட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கார்டை இன்னொரு தரம் படித்தார்.

அவளோ அவர் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாமல், தெரியாததைக் கேட்பவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"என்னைக் கேக்காமயே ஏகமனதுன்னு எப்படிண்ணா எழுதினீங்க?"