கரி அள்ளும் வரன்

“கரி அள்ளிப் போடற வேலையில இருக்கற வரன் நமக்கு வேண்டாம்” என்றார் பழனிமுத்து. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்.

“ரயில்வே வேலைங்க. மலையேறற நீராவி இஞ்சினுக்குக் கரி போடோணும்” என்றாள் மனைவி முத்தாத்தாள்.

“இந்தக் காலத்துல நீராவியா?”

“நூறு வருசத்துப் பழைய இஞ்சினாமுங்க. காட்சிக்கு நிறுத்தித் துருப்புடிச்சுக் கெடந்ததை ரிப்பேர் பண்ணி மறுபடி ஓட்டறாங்க.”

“அந்த வேலைய உடச் சொல்லு. நம்ம கம்பெனியிலயே ஆபீஸ் வேலை பாத்துக்கலாம்.”

“கேட்டாச்சுங்க. இஞ்சினை உட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்க.”

“அப்படி என்ன பொல்லாத இஞ்சின்?”

நேரில் பார்த்துவிட்டு, முகத்துக்கு நேராகவே மறுத்துவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அந்த மலை ரயிலில் ஏறினார்.

செங்குத்தான ஏற்றத்தில் இஞ்சின் திணறியது. நின்றே போய்விடும் என்று பழனிமுத்து நினைத்தார். ஆனால் அது குபுகுபுவென்று புகையைக் கக்கி, மூச்சிரைக்க மேலே ஏறிவிட்டது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். தன்னை மறந்து அவரும் தட்டினார்.

மேலே வண்டி நின்றதும் இஞ்சினைத் தேடிப் போனார்கள். முகமெல்லாம் கரியும் வியர்வையுமாக ஓர் உருவம் கீழே குதித்தது.

“வாங்க மாமா, வாங்க அத்தை” என்று கைகூப்பினாள் அனுப்பிரியா.

மறுக்க வந்த பழனிமுத்து, பின்னால் நின்ற மகனைப் பிடித்து முன்னே தள்ளினார்.

“எங்க நித்தீஷுக்கு கேஸ் அடுப்பே பத்த வெக்கத் தெரியாது, கண்ணு. நீதான் பழக்கி உடோணும்!”