சீமாட்டியின் கையெழுத்து

லாட்வியாவின் வீட்டோலி அரண்மனைக்குள் நுழைந்ததிலிருந்து இமான்ட்ஸ் வாயை மூடவில்லை.

முப்பது வருடம் சரக்கு ரயில் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசியே பழக்கம்.

தரை கெடாமலிருக்க ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளச் சொன்ன துணிச் செருப்பில் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஜெர்மன் பிரபுக்கள் நம் ஆட்களை அடித்து இந்தத் தரையைத் துடைக்க வைத்தார்கள், இப்போது நாமே டிக்கெட் வாங்கிக்கொண்டு துடைக்கிறோம் என்றார்.

பிரபுவின் கட்டிலைப் பார்த்ததும், ஆள் இவ்வளவு குட்டையா, அந்த எரிச்சலைத்தான் குடியானவன் முதுகில் காட்டியிருக்கிறான் என்றார்.

குழுவில் இருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். அவர் மனைவி வெல்டா மட்டும் சிரிக்கவில்லை.

சோவியத் காலத்தில் இது வேளாண்மைப் பள்ளியாக இருந்தபோது இரண்டு வருடம் இங்கேயே தங்கிப் படித்தவள். வேண்டாம் என்றவளை, படித்த இடம் கசக்குமா என்று கேட்டு இழுத்து வந்திருந்தார்.

மாடியில், ஏரியைப் பார்த்த ஜன்னலருகே வழிகாட்டிப் பெண் எவியா குரலைத் தாழ்த்தினாள்.

பிரபுவின் இளம் மனைவி ஒரு லாட்விய வனக்காவலனைக் காதலித்தாளாம். அவன் வராமலே போய்விட்டானாம். வைர மோதிரத்தால் இந்தக் கண்ணாடியில் லாட்விய மொழியில் கீறிவைத்தாளாம்: ‘பனி உருகிவிட்டது. நீ வரவில்லை.’

இரண்டு பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

“ஏம்மா, அவ ஜெர்மன்காரி. நாய்கிட்டகூட லாட்வியன் பேசமாட்டா. அழறதுக்கு மட்டும் நம்ம பாஷை கேக்குதாக்கும்?” என்றார் இமான்ட்ஸ்.

எவியாவின் காதுமடல் சிவந்தது. அடுத்த குத்தலுக்கு விஷயம் தேடி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலிடம் குனிந்தார்.

பனி என்ற சொல்லில் ஓர் எழுத்தின் வால் கீழே இறங்கி, தூண்டில் முள்போல வெளியே வளைந்திருந்தது.

அந்த வாலை அவருக்குத் தெரியும். ஐம்பத்தோரு வருடமாக, கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்த வால். சாமான் பட்டியலில் இறைச்சி என்று எழுதினாலும் சரி, வெள்ளரிக்காய் என்று எழுதினாலும் சரி, வெல்டா அந்த எழுத்தை அப்படித்தான் முடிப்பாள்.

திரும்பிப் பார்த்தார். வெல்டா மூலையில் நின்று, கணப்பில் பதித்திருந்த நீல ஓடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீமாட்டிதான் எழுதியிருக்கிறாள், சந்தேகமே இல்லை என்றார் இமான்ட்ஸ்.

ஜெர்மன்காரி என்றீர்களே என்று ஒருவர் இழுத்தார். காதல் வந்தால் பாஷையும் தானாக வரும், இதுகூடவா தெரியாது என்று அவர்மேல் எரிந்து விழுந்தார். எவியா நன்றியோடு பார்த்தாள்.

அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. பிரபுவின் கழிப்பறைகூட ஒரு சொல் வாங்காமல் தப்பியது.

வெளியே தோட்டத்து பெஞ்சில் வெல்டா கறுப்பு ரொட்டியைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். வாங்கிக் கடித்தார்.

“அப்புறமாவது வந்தானா?”

யார் என்று அவள் கேட்கவில்லை.

“வந்தான். நம்ம கல்யாணத்துல அக்கார்டியன் வாசிச்சது வேற யாரு?”

இமான்ட்ஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

அன்று, இவனைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று ஊரே கேட்கக் கத்தி, கன்னத்தில் முத்தமிட்டு, கிளம்பியவனை மூன்று நாள் போகவிடாமல் பிடித்துவைத்தவர் அவர்தான்.